கடத்தல் செல்லும்

சனிக்கிழமை மதியம் நடக்க வேண்டிய கடத்தலுக்கு மெர்ல் ஹேவர்காம்ப் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார். அதற்கு முன்னால் கல்லூரி அணியின் ஆட்டம், பின்னால் காபி, ஆறு மணிக்குச் சாப்பாடு. கடத்தல் வரியை மட்டும் நீக்கிவிட்டு எல்லோருக்கும் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் சாப்பாட்டுக்கு நேராகத் தடித்த எழுத்தில், 'ஆறு என்றால் ஆறு. யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம்' என்று வேறு போட்டிருந்தார்.

"கடத்தலுக்கு எவனாவது நேரம் குறிப்பானாடா?" என்று கணினித் திரையில் டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மாட்டு வைத்தியர். "நல்ல வேளை, எங்க சாவுக்கெல்லாம் நீ நேரம் குறிக்கல."

"குறிச்சிருப்பான், நமக்குக் காட்டல," என்றார் கில். ஓய்வுபெற்ற நீதிபதி என்பதால் எதையும் தீர்ப்பு மாதிரியே சொல்வார்.

ஆறு மாதமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று பேரும் இப்படித் திரையில் கூடி, பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குத் திட்டம் போட்டார்கள். திட்டம் போட்டது மெர்ல். மற்ற இரண்டு பேரும் கிண்டல் செய்தார்கள். ஆனால் எழுபது பேரின் முகவரியைத் தேடிப் பிடித்து, அறை ஏற்பாடு செய்து, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு மாடி ஏற முடியாது என்று கேட்டுவைத்தது யார்? கிண்டல் செய்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது.

அயோவாவில் அந்தச் சின்னக் கல்லூரி ஊரில், மூன்று கிரேக்க எழுத்துகளை நெற்றியில் பொறித்துக்கொண்டு ஒரு செங்கல் வீடு நிற்கிறது. அந்த மாணவர் சங்கத்தில் சேர்ந்து, அந்த வீட்டில் தங்கிப் படித்தவர்கள் சாகும்வரை ஒருவருக்கொருவர் சகோதரர்கள். எண்பதுகளில் அங்கே இருந்தவர்களில் நாற்பது பேர் இந்த அக்டோபர் மாதம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடத்தல் அந்த வீட்டின் பழைய வழக்கம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் வருஷத்துக்கு ஒருமுறை, தங்களுக்கு ரொம்பப் பிடித்த மூத்தவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தலையணை உறையைத் தலையில் கவிழ்த்து, வண்டியில் போட்டு, சோளக்காட்டு நடுவே எங்காவது கையில் காசில்லாமல் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். உறையைக் கழற்றும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கடத்தல் செல்லாது. பிறகு அவன் யாருக்கும் போன் செய்யாமல் தானாகவே வீடு வந்து சேர வேண்டும். அவன் வந்து முதல் வாய் சாப்பிடும்வரை வீட்டில் ஒருவரும் தட்டைத் தொடக் கூடாது. பிடிக்காதவனை இவ்வளவு பாடுபட்டு யார் தூக்குவார்கள்? ரோலி ஃபென்ஸ்கேவை மூன்று முறை தூக்கினார்கள். ரோலி வாயைத் திறந்தால் சிரிப்பு, கிடார் எடுத்தால் பாட்டு. அவனைப் பிடிக்காதவர்கள் அந்த ஊரிலேயே கிடையாது.

மெர்லை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. அவர் அப்போது வீட்டுக்கு மேற்பார்வை. பாத்திரம் கழுவாமல் போட்டவனைத் தேடிப் பிடித்துக் கழுவவைத்தவர். "நான் கனம் அதிகம், அதான் விட்டுட்டானுங்க," என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அவர் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருந்தார் என்பதுதான் உண்மை.

அவர் மனைவி ஜோலீனிடம் அந்தக் கதை செல்லாது.

"ரோலிக்கு இது நாலாவது தடவை. ஏம்ப்பா, ஒரு தடவை உன் பேரைப் போட்டுக்கயேன்," என்றாள், நிகழ்ச்சி நிரலை எட்டிப் பார்த்துக்கொண்டே.

"என்னை நானே கடத்திக்கணுமா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆசை இருக்குல்ல உனக்கு?"

மெர்ல் எழுந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கார் கொட்டகையைச் சுத்தம் செய்யப் போனார். அறுபத்திரண்டு வயதில், பேரன் பேத்தி எடுத்த பிறகு, இப்படி ஒரு ஆசை இருப்பதைச் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் அது இருந்தது. தன்னையும் ஒருமுறை நாலு பேர் வேண்டுமென்று தூக்க வேண்டும், தன்னையும் ஒரு வீடே பசியோடு உட்கார்ந்து எதிர்பார்க்க வேண்டும். இருபது வயதில் வந்த ஆசை, போகவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஆட்டத்தில் கல்லூரி தோற்றது. அதில் யாருக்கும் வருத்தமில்லை, எப்போதும் தோற்பதுதான். வீட்டுப் பின்புறம் ரோலி அடுப்பு மூட்டிச் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். வேட்டைக்காரர்கள் போடும் பளீரென்ற ஆரஞ்சுக் கோட்டு போட்டிருந்தார். அரை மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் ரோலி என்று தெரியும். டுவேனும் கில்லும் பின்பக்கச் சந்தில் வண்டியோடு தயாராக இருந்தார்கள். குறித்த நேரம்வரை ரோலியை அடுப்பருகே நிறுத்திவைக்க வேண்டியது மெர்லின் பொறுப்பு.

"டேய் மெர்ல், இதைக் கொஞ்சம் புரட்டு. நான் உள்ள போயிட்டு வந்துடறேன்," என்றார் ரோலி.

"இப்பப் போகாதடா. ரெண்டு நிமிஷம் பொறு."

"நம்ம வயசுக்கு ரெண்டு நிமிஷம்லாம் பொறுக்குமாடா? நீ பொறுப்பியா?"

"ரோலி, சொன்னாக் கேளு..."

"நீ ஏன் இப்படி நடுங்குற? உன் கோட்டு எங்க?" மெர்ல் உள்ளே மேசை அலங்காரம் செய்தபோது தன் கோட்டை எங்கோ கழற்றி விட்டிருந்தார். அக்டோபர் காற்று சட்டைக்குள் புகுந்து விளையாடியது. ரோலி தன் ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி அவர் தோளில் மாட்டினார். "கை விடு. ம், அந்தக் கை. கருக விட்டே, கொன்னுடுவேன்." சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்விட்டார்.

கடத்த வந்தவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். கம்பளி முகமூடி கண்ணாடிக்கு மேல் ஏறாது. ஆகவே இரண்டு பேரும் கண்ணாடியைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். கண்ணாடியில்லாமல் அவர்களுக்குத் தெரிந்தது ஒரு ஆரஞ்சு நிறம், அவ்வளவுதான்.

மெர்ல் சாசேஜைப் புரட்டக் குனிந்தார். உலகம் வெள்ளையாகிவிட்டது. துவைத்த துணி வாசனை. இரண்டு பக்கமும் கையைப் பிடித்து யாரோ தரதரவென்று இழுத்தார்கள்.

'நான் ரோலி இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்தது. வழக்கத்தின் விதிகளை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பேசினால் செல்லாது.

மெர்ல் வாயை இறுக மூடிக்கொண்டார்.

வண்டிக்குள் மாட்டுக் கொட்டில் வாசனை தூக்கியது. கதவு சாத்தியதும் இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

"முப்பது வருஷம் நீதிபதியா இருந்தவன்டா நான். இதுக்கு எத்தனை வருஷம் உள்ள போடுவாங்கன்னு எனக்கு அத்துப்படி," என்றார் கில், மூச்சு வாங்கியபடி.

"கண்ணாடியக் குடு முதல்ல. ரோடே தெரியல," என்றார் டுவேன். "ரோலி, எளச்சிருக்கடா நீ. டாக்டர் மிரட்டிட்டானா?"

உறைக்குள்ளிருந்து சத்தமில்லை.

"வாயத் திறக்க மாட்டான். மூணு தடவை அனுபவம்," என்றார் கில். "மணி பாத்தியா? அந்தப் புண்ணியவான் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டோம். மெர்ல் மயக்கம் போட்டு விழுந்துடுவான்."

"காபிக்குப் பக்கத்துல என்ன எழுதியிருந்தான் பாத்தியா? 'உரையாடல்'னு. பேசறதுக்கும் நேரம் குறிச்சிட்டான்!"

பாவி, அது வெறும் அரை மணி நேர இடைவெளிக்கு வைத்த பெயர். உறைக்குள் மெர்லுக்குக் காது சுட்டது. இன்னும் என்னென்ன சொல்லப் போகிறார்களோ! வண்டி தார் ரோட்டை விட்டுச் சரளைக்கல் பாதையில் இறங்கிக் குலுங்கியது.

பிறகு டுவேன், "உண்மையச் சொல்லணும்னா ரோலி, இந்தத் தடவை அவனைத்தான் தூக்கியிருக்கணும்," என்றார்.

"ஒரு தடவை தூக்கத்தானே போனோம்," என்றார் கில்.

"உனக்குத் தெரியாதே ரோலி! நாங்க புதுசா சேர்ந்த வருஷம், முதல்ல மெர்லைத்தான் தூக்கறதா இருந்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து சூப் குடுத்தவன் அவன்தான். சரின்னு ஆறு பேர் சேர்ந்து, பூனை மாதிரிப் போய், அவன் ரூம் கதவைத் திறந்தோம். திறந்தா..."

கில்லுக்கு இப்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கட்டில்மேல உட்கார்ந்திருக்கான்! ஷூ போட்டு, லேஸ் கட்டி, கோட்டு, மஃப்ளர் எல்லாம் மாட்டிக்கிட்டு. மடியில சாண்ட்விச் பொட்டலம்!"

"கடத்திட்டுப் போனா வழியில பசிக்குமேன்னு!" டுவேன் ஸ்டியரிங்கைத் தட்டினார். "என்னடா வேணும்னு கேக்கறான். முகம் மட்டும் பளபளன்னு இருக்கு. தயாரா உட்கார்ந்திருக்கறவனை எப்படிடா கடத்தறது? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பாத்ரூம்ல பல்பு எரியலன்னு உளறிட்டேன்."

"எழுந்து போய், அந்தக் கோட்டு மஃப்ளரோடயே பல்பு மாத்தினான்டா. நல்லா எரிஞ்சுகிட்டிருந்த பல்பை!"

இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள். கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரல் மாறிப்போய், "அன்னிக்கே தூக்கியிருக்கணும்டா," என்றார். "தயாரா இருந்தா என்ன? அவ்வளவு ஆசையா உட்கார்ந்திருந்தான். நமக்கு அறிவில்ல. அந்த முகம் இன்னிக்கும் எனக்குக் கண்ணுலயே நிக்குது."

"எனக்கும்தான்," என்றார் டுவேன்.

மெர்லுக்கு அந்த பல்பு ஞாபகமிருந்தது. அந்தச் சாண்ட்விச்சும் ஞாபகமிருந்தது. அதைப் பிறகு இருட்டில் தனியாக உட்கார்ந்து தின்றதும்தான். கதவைத் திறந்த ஆறு பேர் எதற்கு வந்தார்கள் என்று மட்டும் இத்தனை வருஷமும் தெரியாமல் இருந்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று நெஞ்சு முழுக்கப் பொங்கி வந்தது. அவர்கள் வந்திருக்கிறார்கள். அவருக்காகத்தான் வந்திருக்கிறார்கள். தலையணை உறை கன்னத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

வண்டி நின்றது. இரண்டு பேரும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மூடிக்கிடந்த ஒரு தானியக் கிடங்கு, நாலு பக்கமும் அறுவடையான சோளக்காடு. டுவேன் ஒரே இழுப்பில் உறையைக் கழற்றினார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கில் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மெர்ல்," என்றார் டுவேன். "டேய்... நீயா?"

"நான்தான்."

"எவ்வளவு நேரமா?"

"கிளம்பினதுலேருந்து."

"ஐயோ, ஏறுடா, ஏறு. தப்பு நடந்துபோச்சு. கொண்டு போய் விட்டுடறோம். நாங்க பேசினதெல்லாம்..."

மெர்ல் ஏறவில்லை. "நான் வழியில பேசினேனா?" என்று கில்லைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல."

"தலையில உறை இருந்துதா?"

"இருந்துது."

"அப்ப நீயே சொல்லு. இது செல்லுமா, செல்லாதா?"

கில் டுவேனைப் பார்த்தார், சோளக்காட்டைப் பார்த்தார், கடைசியில் மெர்லின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"செல்லும்," என்றார்.

"அப்ப என் போனையும் பர்ஸையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"குளிருதுடா, என் கையுறையையாவது..." என்று டுவேன் ஆரம்பித்தார்.

"கடத்தறவன் கையுறை குடுப்பானாடா? போ!"

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது. மெர்ல் நடுரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் காட்டில் மேய்ந்த காக்கைகள் பறந்துபோயின. பிறகு சூரியனைப் பார்த்துத் திசை பிடித்து நடக்க ஆரம்பித்தார். முழங்கால் வலித்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் நிகழ்ச்சி நிரல் ஞாபகம் வந்தது. ஆறு என்றால் ஆறு. எழுதியது அவரே. ரோலி என்றால் விடியும்வரை காத்திருப்பார்கள். தன்னைத் தூக்கியது கண்ணாடி இல்லாத குளறுபடி என்று இந்நேரம் வீடு முழுக்கத் தெரிந்திருக்கும். 'மெர்லே இதைத்தான் விரும்புவான்' என்று யாராவது ஒருவன் கரண்டியை எடுத்தால் போதும், மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது. அறுபது வயதுக்காரர்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை.

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. திறந்த பின்பக்கம் முழுக்கப் பூசணிக்காய். ஓட்டி வந்த பெண் தலையை நீட்டினாள்.

"வழி தவறிட்டீங்களா, ஐயா?"

"இல்லம்மா. என்னைக் கடத்திட்டாங்க."

"யாரு?"

"ஒரு நீதிபதியும் ஒரு மாட்டு வைத்தியரும்."

அவள் கதவின் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மெர்ல் அவசரமாக விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்து, கடைசியில் ஸ்டியரிங்மேல் சாய்ந்து சிரித்தாள்.

"ஏறுங்க. என் பேர் ட்ரூடி. மூணு சர்ச்சுக்கு அறுவடை விழாப் பூசணிக்காய் இறக்கணும். கூடமாட இறக்கினீங்கன்னா உங்க வீட்டு வாசல்லயே விட்டுடறேன்."

பூசணிக்காய் இறக்குவது சின்ன வேலை இல்லை. ஒவ்வொரு சர்ச்சிலும் நாலு பெண்கள் கூடி எது பெரிசு, எது கோணல் என்று பேச்சை வளர்த்தார்கள். இரண்டாவது சர்ச்சில் இருக்கும்போதே கோபுரத்தில் ஆறு அடித்தது. மெர்ல் கையில் பூசணிக்காயோடு நின்றுவிட்டார்.

"போன் வேணுமா?" என்றாள் ட்ரூடி.

"கூடாது."

"சாப்பிட்டிருப்பாங்கன்னு பயமா?"

"பயம்தான்," என்றார் மெர்ல். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். "சாப்பிட்டாலும் பரவாயில்லன்னு மனசைத் தேத்திக்கப் பாக்கறேன். முடியல."

மூன்றாவது சர்ச்சில் ட்ரூடி, பேச வந்த பெண்களை, "ஒரு அவசர கேஸ்மா," என்று ஒதுக்கிவிட்டு மளமளவென்று இறக்கினாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது மணி ஏழரை. புல்வெளியில் ஆளில்லை. வாசலில் எதிர்பார்த்து நிற்பவர்களும் யாருமில்லை. சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலில் வெளிச்சம். எல்லோரும் மேசைமுன் உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் தட்டுகள் இருந்தன, பேச்சும் சிரிப்பும் வெளியே கேட்டது. வறுத்த இறைச்சி வாசனை தெருவரை வந்தது.

மெர்ல் ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். சரி, போகட்டும். அவர்கள் சாப்பிடுவதைக் கெடுக்க வேண்டாமென்று சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக நுழைந்தார்.

சமையலுக்கு அமர்த்தியிருந்த வெர்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் அத்தனை பாத்திரமும் மூடியபடி இருந்தது.

"நீங்கதானா அந்தக் கடத்தப்பட்ட ஆளு?"

"ஆமா. எனக்கு மிச்சம் ஏதாவது..."

"மிச்சமா? ஒரு பருக்கை வெளியே போகலைய்யா! ஒன்றரை மணி நேரமா இந்த மாட்டிறைச்சிய வெச்சு அழறேன். கட்டையாப் போச்சு. பரிமாறவான்னு கேட்டா, 'எங்க ஆளு இன்னும் வரல'ன்னு நாற்பது பேரும் ஒரே பாட்டு. ஒரு கிழம் ஊறுகாய் பாட்டிலைத் திறந்துச்சு. மத்த கிழமெல்லாம் சேர்ந்து அதைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. போங்க, போய்த் தொலைங்க உள்ள!"

அவள் கதவைத் திறந்து அவரைத் தள்ளினாள். கூடத்தில் ஒருவர் பார்த்தார், பிறகு பத்துப் பேர் பார்த்தார்கள். அடுத்த நொடி கூரை இடிகிற மாதிரி சத்தம். தட்டுகள் எல்லாம் வெறும் தட்டுகள். துடைத்துவைத்தபடியே பளபளத்தன. டுவேனும் கில்லும் இன்னும் நாலு பேரும் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். மூன்றடி போவதற்குள் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, இன்னொருவர் முழங்கால் மடங்கியது. மெர்ல் சரிந்து ரோலியின் கையில் விழுந்தார்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" ரோலி கத்தினார். "பசியில உயிர் போகுது. அது என் கோட்டு!"

"காத்திருக்க வேண்டாம்னு நான் எழுதியிருந்தேனே," என்றார் மெர்ல். குரல் உடைந்துவிட்டது.

ரோலி அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேளுடா," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "என்னை மூணு தடவை தூக்கினாங்க. மூணு தடவையும் நான் திரும்பி வந்தப்ப பாதிப் பேர் தின்னுட்டுத் தூங்கிட்டானுங்க. எனக்காகன்னு ஒரு தடவைகூட வீடு முழுக்கக் காத்திருந்ததில்ல. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். இன்னிக்குத்தான் ஒருத்தன்கூடத் தட்டைத் தொடல."

மெர்ல் அவரைத் திரும்பிப் பார்த்தார். ரோலி சிரிக்கவில்லை.

வெர்னா கொண்டுவந்து போட்ட இறைச்சித் துண்டு மெர்லின் தட்டில் இருந்தது. நாற்பது ஜோடிக் கண்களும் அவர் முள்கரண்டிமேல்தான் இருந்தன. அவருக்குக் கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அழுதுகிட்டே தின்னுடா, ஒண்ணும் குடிமுழுகிப் போகாது!" என்று பின்வரிசையிலிருந்து டுவேன் கெஞ்சினார்.

மெர்ல் ஒரு துண்டை வெட்டினார். அதை இரண்டாக்கினார். ஒன்றைத் தன் தட்டில் விட்டு, மற்றதை ரோலியின் வெறும் தட்டில் வைத்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து," என்றார்.

ரோலி முள்கரண்டியை எடுத்தார். இரண்டு பேரும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்கள். மென்று முடியவே நேரமானது, அவ்வளவு கெட்டி. நாற்பது நாற்காலிகள் மேசையை நோக்கி ஒரே நேரத்தில் நகர்ந்தன.